கீரி நிறுத்திய உலை

ஒரு காட்டில், மரங்களை வெட்டித் தள்ளிய இடத்தில், பாலித்தீன் ஆலை ஒன்று நடந்துவந்தது. எத்திலீன் வாயுவைப் பயங்கரமாக அமுக்கி நீளமான உலைக்குழாய்க்குள் விடுவார்கள். அதில் வினையூக்கியைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால், வாயு பாலித்தீனாகி வெளியே வரும். அந்தச் சொட்டை அளந்து விடுவது அங்கயி என்ற கீரியின் வேலை. பன்னிரண்டு வருஷமாக அவள் கண் வெப்பமானி முள்ளை விட்டு நகர்ந்ததில்லை.

முதலாளி சிங்கத்துக்கு உற்பத்தி இரட்டிப்பாக வேண்டும் என்று ஆசை வந்தது. மேலாளர் நரியார் ஓடோடி வந்தார்.

"வினையூக்கியை ரெண்டு மடங்கு விடு."

"சார், அது அளவோட இருந்தாத்தான் நல்லது. கூடினா சூடு நம்ம கைக்கு அடங்காது. முந்நூறு டிகிரி தாண்டிட்டா வாயு கரியாச் சிதறிக் குழாயையே பொளந்துடும்."

"ஆட்சேபம் இருந்தா பதினேழாம் நம்பர் படிவத்துல மூணு பிரதி எழுதிக் கொடு."

அங்கயி எழுதிக் கொடுத்தாள். நரியார் படிக்காமலே 'பரிசீலனையில்' என்று முத்திரை குத்திவிட்டு, தன் கையாலேயே பம்பைத் திருகினார்.

முதல் பத்து நிமிஷம் பாலித்தீன் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நரியார் அதன் முன் நின்று செல்பி எடுத்துச் சிங்கத்துக்கு அனுப்பினார். பிறகு முள் ஏறத் தொடங்கியது. இருநூற்று எண்பது. இருநூற்றுத் தொண்ணூறு. கீழே நாற்பது முயல்கள் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கயி அவர்களை எட்டிப் பார்த்தாள். நரியாரிடம் கேட்டால் இன்னொரு படிவம் நீட்டுவார். தாவிப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பம்பு நின்றது, அழுத்தம் இறங்கியது, உலை அடங்கியது. முயல்கள் ஒன்றும் தெரியாமல் சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் விசாரணை. தலைவர் ஆமையார்.

"நிறுத்தலைன்னா வெடிச்சிருக்கும்கிற. வெடிச்சதுக்கு ஆதாரம் எங்கே?"

"அதான் வெடிக்கலையேங்க ஐயா."

"வெடிக்காத உலையை எதுக்கும்மா நிறுத்தின?"

முயல்களைச் சாட்சிக்கு அழைத்தார்கள். ஒருவர் உடம்பிலும் சிராய்ப்புகூட இல்லாததால், அவர்கள் சாட்சியம் செல்லாது என்று ஆமையார் தள்ளிவிட்டார்.

உற்பத்தியைக் கெடுத்த குற்றத்துக்காக அங்கயியை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். விபத்தே இல்லாமல் ஆலையை நடத்தியதற்காக நரியாருக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

நீதி: விபத்தைத் தடுக்க விரும்புவோர், முதலில் நாலு பேருக்காவது காயம் பட விட்டு, அதற்கு மருத்துவச் சான்று வாங்கிக்கொண்டு, அப்புறம் தடுக்கவும்.