ஸ்மார்ட் ரூம் சாவி இப்போது என் இடுப்பில்

திருத்தங்கல்.

மதிப்பிற்குரிய அண்ணன் யாகூப் அவர்களுக்கு, தங்கை பைரோஜா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் எல்லாரும் நலம், ஹாலில் ஓடும் ஃபேன் ஒன்றைத் தவிர. அங்கே மதினி, பிள்ளைகள், பரோட்டா மாஸ்டர் அனைவரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் நீங்கள் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு "ம், ம், சால்னா போடு" என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதை மதினிக்குக் கேட்கும்படி சத்தமாக வாசிக்கவும்.

போன பெருநாளைக்கு வந்தபோது எல்லார் முன்னிலையிலும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "டிவி ரிமோட்டையே தலைகீழாப் பிடிக்கிறவ, இவ கம்ப்யூட்டர்ல பாடம் நடத்தப் போறாளாம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன், ஆனால் எனக்கு அது சிரிப்பாக இல்லை. ஏனென்றால் ஆமத்தூர் பள்ளியில் என் நிலைமை அப்படி. எங்கள் தலைமையாசிரியை சொர்ணலட்சுமி மேடம், "ஸ்மார்ட் ரூமு வந்தாச்சு டீச்சர். அதிகாரி பார்வைக்கு வர்ற அன்னைக்கு நீங்களும் அனுப்பிரியாவும் ஆளுக்கொரு பாடம் திரையில போட்டு நடத்துங்க. யாரு நல்லா நடத்துறீகளோ அவுகளுக்குத்தான் ரூமு சாவி, ஏழாம் வகுப்பு சயின்சும் அவுகளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அனுப்பிரியா இந்த வருடம் வேலைக்கு வந்த பெண். அவள் விரல் பட்டால் கம்ப்யூட்டர் தானாக வேலை செய்யும். சயின்ஸ் வகுப்பு கையைவிட்டுப் போனால் எனக்குத் தோட்டப் பராமரிப்பும் சத்துணவு மேற்பார்வையும்தான் மிஞ்சும். அண்ணே, சயின்ஸ் இல்லாமல் நான் எதற்குப் பள்ளிக்குப் போவது? சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்குப் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அழுது முடித்ததும் நேராக நம் மணிகண்டராஜ் வேலை பார்க்கும் அச்சாபீசுக்குப் போனேன். உங்கள் கடைக் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோமே, அதே இடம்தான். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன், இப்போது வெடிப் பெட்டிக்கு லேபிளும் கடைகளுக்குக் காலண்டரும் டிசைன் போடுகிறான். "அங்கன இல்ல டீச்சர், இங்கன அமுக்குங்க. கவனம் எங்க இருக்கு?" என்று அவன் அதட்ட, அந்தக் காலத்தில் அவனை நான் அதட்டியதெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. எடுத்த எடுப்பிலேயே, "எதைச் செஞ்சாலும் சேவ் பண்ணிருங்க டீச்சர், கரண்டு எப்பப் போகும்னு சொல்ல முடியாது" என்றான். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஓர் எழுத்து அடித்தால் ஒரு சேவ், புள்ளி வைத்தால் இன்னொரு சேவ். பழகுவதற்கு உங்கள் காலண்டரையே திறந்து கொடுத்தான். எல்லாம் முடிந்து மிஷினுக்குப் போகத் தயாராக இருந்தது. மேலே கடைப் பெயர், நடுவே ஆவி பறக்கும் எண்ணெய் பரோட்டா, அதன் கீழே போன் நம்பர். "இதுல படத்தை மாத்துங்க, எழுத்தை மாத்துங்க, பக்கத்தைக் கூட்டுங்க, நல்லாப் பழகுங்க. ஆனா..." என்றவனை முதலாளி கூப்பிட்டுவிட்டார். அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன என்று கேட்க எனக்கு நேரமில்லை, நான் பரோட்டாவை எடுத்துவிட்டு இரைப்பையை வைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

இப்படியே அந்தக் காலண்டர் தாளையே பக்கம் பக்கமாகக் கூட்டி, உணவு செரிக்கும் பாடம் முழுவதையும் தயார் செய்தேன். வெடி லேபிள் போட்டுப் பழகிய ஊரில் கற்றதால் என் கல்லீரலைச் சுற்றி மஞ்சள் நட்சத்திரம் மின்னியது, உணவுக் கவளம் ராக்கெட் மாதிரி சீறிக்கொண்டு இரைப்பைக்குள் போய் வெடித்தது. உங்கள் கடைப் பெயரும் போன் நம்பரும் மட்டும் என்ன செய்தும் அழியவில்லை. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், பள்ளியில் வைத்து அவற்றின் மேல் பெரிய நட்சத்திரங்களைப் போட்டு மூடினேன்.

அதிகாரி வந்தார். முதலில் அனுப்பிரியா. அருமையான பாடம், திரை நிறையப் படமும் எழுத்தும். அடுத்து நான். கவளம் வெடித்ததும் பிள்ளைகள் விசிலடித்தார்கள். அப்போதுதான் அதிகாரி, "அதென்ன டீச்சர், எல்லாப் பக்கத்துலயும் கீழ்ப்பாதி மொட்டையா இருக்கு?" என்று கேட்டார். நானும் திரும்பித் திரையைப் பார்த்தேன். காலண்டரில் தேதித்தாள் ஒட்ட விடுகிற இடம் அண்ணே அது! காலண்டர் அடிக்கிற நம் ஊர்க்காரி கண்ணுக்குப் படம் என்றால் மேலே, காலி என்றால் கீழே; அது தப்பு என்றே தோன்றவில்லை. சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன்: "சார், கடைசி பெஞ்சுல உக்காந்து பாருங்க. முன்னால இருக்கிற பிள்ளைக தலை கீழ்ப்பாதிய மறைச்சிரும். அதான் அங்கன ஒண்ணும் போடல." மனிதர் நிஜமாகவே போய்க் கடைசி பெஞ்சில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்தார். என் பாடம் முழுதாகத் தெரிந்தது. அனுப்பிரியாவுடையதைத் திரும்பப் போடச் சொன்னார், பாதிக்கு மேல் தலைகள்தான். எழுந்து வந்து, "இருபது பள்ளிக்கூடம் பாத்துட்டேன், கடைசி பெஞ்சுப் பிள்ளைய நினைச்சு டிசைன் பண்ணுனது நீங்க ஒருத்தர்தான்" என்றாரே பார்க்கலாம்! எல்லாரும் கை தட்டினார்கள். அனுப்பிரியாவே ஓடி வந்து, "எனக்கும் சொல்லித்தாங்கக்கா" என்றாள். பார்ப்போம் என்றிருக்கிறேன்.

சாவி இப்போது என் இடுப்பில். நடந்தால் கலகலவென்று சத்தம் வருகிறது, தேவையில்லாமலும் கொஞ்சம் நடக்கிறேன். ஆகவே ரிமோட் பற்றிச் சொன்னதை அடுத்த பெருநாளைக்கு அதே ஆட்கள் முன்னிலையில் நீங்கள் வாபஸ் வாங்க வேண்டும். உங்கள் காலண்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். பார்த்தவர்கள் பசியோடு கடைக்கு ஓடி வருவார்கள் என்று மணிகண்டராஜ் உறுதி சொல்லியிருக்கிறான். மதினிக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். அல்லாஹ் உங்கள் கடையில் பரக்கத்தைக் கொட்டுவானாக.

வெற்றி பெற்ற தங்கை,
பைரோஜா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அச்சாபீசிலிருந்து உங்கள் காலண்டர் கட்டுகள் நம் வீட்டில் வந்து இறங்கின. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மணிகண்டராஜுக்கு உடனே போன் போட்டேன். "டீச்சர், அந்தப் பைல்லயேவா சேவ் பண்ணுனீக? வேற பேர்ல பண்ணுங்கன்னுதான அன்னைக்குச் சொல்ல வந்தேன்" என்றான். சீசன் நெருக்கடியில் யாரும் திறந்து பார்க்காமல் முதல் பக்கத்தை அப்படியே அடித்துவிட்டார்கள். ரிமோட் பற்றிய பேச்சை நீங்கள் வாபஸ் வாங்க வேண்டியதில்லை. மேலே கடைப் பெயர் பளிச்சென்று இருக்கிறது. பரோட்டா இருந்த இடத்தில் வாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் எல்லாம் அம்புக்குறியோடு வரிசையாக வந்திருக்கின்றன. கடைசி அம்பு வெளியே வந்து, நேராக உங்கள் போன் நம்பரில் முடிகிறது. ஆனால் ஒன்று அண்ணே, கீழே தேதித்தாள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.