கொழுந்தியாளைக் கவிழ்த்த இருநூறு கேள்விகள்

ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்காமல், எல்லாம் புரிந்த முகத்தோடு தலையாட்டும் திறமை எனக்கு உண்டு. அந்தத் திறமைதான் என்னை ஒரு பரீட்சைக்குப் பொறுப்பாளனாக்கியது.

வீடு ராஜபாளையம். வேலை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், தமிழ் வாத்தியார். இடையில் ஓடும் பஸ்ஸில் வசன கவிதை எழுதுவேன் (யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுவேன்).

சில வருடங்களுக்கு முன் எங்கள் கல்லூரிக்குப் புது மாதிரிப் பரீட்சை ஒன்று வந்தது. கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். எல்லாருக்கும் நடுத்தரமான கேள்வியில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாக வரும், மார்க்கும் கூடும். தப்பாகச் சொன்னால் லேசாக வரும், மார்க் குறையும். ஆளை அளந்து சட்டை தைக்கிற மாதிரி. அதற்காக இருநூறு தமிழ்க் கேள்விகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை கடின அளவு குறிப்பது என் வேலை. எப்படிக் குறிப்பது என்று கணினித் துறை செல்வராணி மேடம் ஒரு மணி நேரம் விளக்கினார். அந்த ஒரு மணி நேரமும் மேற்கு மலையில் மேகம் ஈரத்துண்டு உதறிக்கொண்டிருந்தது. நான் அதை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒன்று முதல் ஐந்து. இதில் விளக்க என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் நுழைந்த நாளிலிருந்து ஒன்று என்றால் முதல் ரேங்க். மலையுச்சி. ஐந்து என்றால் அடிவாரம். தலை சுற்ற வைக்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒன்று போட்டேன். குழந்தைக்கும் தெரிந்தவற்றுக்கு ஐந்து. ராஜபாளையத்தில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் பாதி முடிந்தது, திரும்புகையில் மீதி.

என் மனைவி கோதையின் தங்கை ரெங்கா அதே கல்லூரி. வணிகவியலில் எல்லாம் தேறி, தமிழ் ஒன்று மட்டும் அரியர். (தமிழ் வாத்தியார் வீட்டுக் கொழுந்தியாள் தமிழில் அரியர். மாமனார் இதை எத்தனை விசேஷ வீட்டில் சொல்லியிருப்பார் என்று தெரியாது.) ராஜபாளையத்தில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் தேறியதைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அது அடுத்தவளுக்கு.

"ஏட்டி, பயப்படாத. பெயிலாகவே முடியாத பரீட்சை இது. தப்பா சொன்னா லேசா வரும்" என்றேன்.

"நெசமாவா அத்தான்?"

"நானே பாத்துப் பாத்து அளந்து வச்சிருக்கேன்."

பரீட்சையன்று லேப் வாசலில் கல்யாண வீட்டுக்காரன் போல நின்றேன். வகுப்பில் முதலாவதாக வரும் மாணவி கால் மணி நேரத்தில் வெளியே வந்தாள். முகத்தில் குழப்பம்.

"சார், கடைசிக் கேள்வி உயிரெழுத்து எத்தனைன்னு வந்துச்சு. ஏதும் உள்குத்து இருக்கா சார்?"

"எளிமைதாம்மா உச்சம்" என்றேன். அப்படியே சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழித்து ரெங்கா வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மொதக் கேள்வியில செத்த தடுமாறிட்டேன் அத்தான். பொறவு வந்ததெல்லாம் எமன். கட்டளைக் கலித்துறையில நேரசையில தொடங்குனா அடிக்கு எத்தன எழுத்துன்னு கேக்குது. நான் கேட்டது பாஸ் மார்க்கு. நீங்க எனக்கு டாக்டர் பட்டமா குடுக்கப் பாக்குதிய?"

திரையில் அவளுக்கு இரண்டு மார்க். மிஷின் பாவம், அவள் தடுமாறியதைப் பார்த்து இரக்கப்பட்டு, இருப்பதிலேயே லேசானது என்று என் மலையுச்சிக் கேள்விகளாகப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறது. தவறத் தவற, இன்னும் இரக்கம்.

செல்வராணி மேடம் என் பட்டியலைத் திறந்தார்.

"சார், ஒண்ணுன்னா என்னன்னு நெனச்சுப் போட்டிய?"

"முதல் தரம்."

"அப்ப அஞ்சு?"

"கடைசி பெஞ்ச்."

மேடம் சிரிக்கவில்லை. "மிஷினுக்கு ஒண்ணுன்னா லேசு, அஞ்சுன்னா கஷ்டம் சார்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிரின்ஸ்பாலிடம் பரீட்சையை ரத்து செய்யச் சொல்லி நின்றேன். ரொம்பப் பாதிக்கப்பட்டது யார் என்று கேட்டார். சொன்னேன்.

"கொழுந்தியாளுக்காகப் பரீட்சையையே கவுக்குதியளா?"

சந்தேகம் தீர ஒரே வழிதான் இருந்தது. பயிற்சி வகுப்பில் நான் கவனிக்கவில்லை, ஒன்றுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இருநூறு கேள்விகளையும் தலைகீழாக்கிவிட்டேன் என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதில் ஒரு திருத்தமும் சொல்லப்படாமல் ஏற்கப்பட்டது அந்த ஒரு பக்கம்தான். கேள்விகளுக்கு மறுபடி அளவு குறிக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் மறுதேர்வு. முழு மார்க் பறிபோன முதல் மாணவி என்னைக் கடக்கும்போது வணக்கம் சொல்லவில்லை. ரெங்கா தேறினாள், சுமாராக. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு வங்கியில் சேர்ந்தாள். மாமனார் வீட்டில் எல்லாருக்கும் பால்கோவா, எனக்கு மட்டும் இலையில் வைக்கும் முன், "மருமகப்பிள்ளைக்கு எம்புட்டு வைக்க? ஒண்ணா, அஞ்சா?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. போன மாதம் என் முழங்கால் வலிக்கு நானும் கோதையும் டாக்டரிடம் போனோம்.

"வலி ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள எம்புட்டு இருக்கும்?" என்றார்.

"ஒண்ணுதான் டாக்டர்."

அவர் தைலம் எழுதப் பேனாவை எடுத்தார். கோதை கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க டாக்டர். இவிய ஒண்ணுன்னா உசுரு போகுதுன்னு அர்த்தம்."

லேசான வலிதான் என்று எவ்வளவோ சொன்னேன். டாக்டர் அவளைத்தான் நம்பினார். எக்ஸ்ரே அறை வாசலில் நான் வரிசையில் நிற்க, அவள் ரெங்காவுக்குப் போன் போட்டு, பேச முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.