பானை மேல் கட்டிய மஞ்சள் துணி

திருத்தணி,
ஐப்பசி 3.

மரியாதைக்குரிய பாவா துளசிங்கம் அவர்களுக்கு,

தங்கள் தங்கை மணியம்மையின் கணவன் ஜெகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. பொதட்டூர்பேட்டையில் தாங்களும் அக்காவும் தறிகளும் சௌக்கியமாக இருக்க முருகன் அருள வேண்டும். நானும் சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். போனில் பேசலாம் என்றால் தங்கள் போனை மணியம்மைதான் எடுக்கிறாள். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒன்பது நாளுக்கு முன் அவள் பையோடு அங்கே வந்து நின்றது ஏன் என்று அவள் பக்கத்தைக் கேட்டிருப்பீர்கள். என் பக்கத்தையும் கேளுங்கள். முப்பத்தோரு வருடம் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன், சும்மா உட்காரத் தெரியாது. போன வருடம் எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் கோவிந்தம்மாள் கட்டுப்போட்ட கையைக் காட்டி, "ஐயா, உங்க வூட்டு கவர்ல இருந்த பிளேடுதாங்க கீச்சிடுச்சு. இனிமே தனியா வச்சிக் குடுங்க ஐயா" என்றார். நான் சவரம் செய்து போட்ட பிளேடு. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், கெஞ்சினார். வெட்கமாகப் போய்விட்டது பாவா. அன்று ஆரம்பித்ததுதான் எல்லாம்.

ஐந்து பெட்டி வைத்தேன். காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம், துணி என்று எழுதி ஒட்டினேன். சமையலறைக் கழிவை உரமாக்க மாடியில் ஒரு மண்பானை வைத்தேன். பால் கவர்களைக் கழுவிக் கொடியில் காயப்போட்டால், மலையிலிருந்து இறங்கிய குரங்குகள் உள்ளே பால் இருக்கிறதென்று அத்தனையையும் உருவிக்கொண்டு போய், ஏமாந்த கோபத்தில் எதிர்வீட்டு அனுராதா காயவைத்த வடகத்தின் மேல் வீசிவிட்டன, அந்தம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, அது போகட்டும், ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்த பள்ளிப்பட்டுச் சொந்தக்காரர்கள் பதினெட்டு பேருக்கும் பேப்பர் கப் கிடையாது என்று சொல்லி, வீட்டிலிருந்த ஏழு டம்ளரில் முறைவைத்துக் காபி கொடுத்தேன், கடைசி ஆளுக்கு முறை வருவதற்குள் அவர் மலையேறி மொட்டையடித்துக்கொண்டு திரும்பிவிட்டார், அடையாளம் தெரியாமல் "யாருங்க நீங்க?" என்று கேட்டுவிட்டேன். இத்தனைக்கும் மணியம்மை தடுக்கவில்லை. "ஆங், பண்ணுங்க, பண்ணுங்க" என்பாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் புத்தி.

பிறகு பானையில் ஈ மொய்த்தது. மூடிக்கட்ட மெல்லிய துணி வேண்டும். கடையில் புதிதாக வாங்கினால் அதுவும் நாளைக்குக் குப்பைதானே என்று வீட்டுக்குள் தேடினேன். சாமி அலமாரியில் படத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணி முடிந்து கிடந்தது. யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது என்று நினைத்து அவிழ்த்தேன். உள்ளே ஒரு காசு. காசை உலோகப் பெட்டியில் போட்டேன். துணியைப் பானை வாயில் கட்டினேன், தைத்ததுபோலப் பொருந்தியது. வேண்டுதலுக்கு முடிந்துவைத்தது என்று தோன்றவே இல்லை. மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தோன்றவில்லை பாவா!

மாடிக்கு வந்த மணியம்மை பார்த்தாள். சாமிக்கு முடிந்த துணி, மேலே ஈ, கீழே கத்தரிக்காய்க் காம்பு. அவள் கத்தவில்லை. "இத இன்னாத்துக்கு முடிஞ்சேன்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று மட்டும் சொன்னாள். மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

எதற்கு முடிந்திருப்பாள்? மகள் ஷாலினிக்கு இது ஏழாம் மாதம். பெற்ற பெண்ணின் பிரசவத்துக்கு முடிந்ததை அப்பனே அவிழ்த்துவிட்டேனே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. முழங்கால் வலியோடு அத்தனை படியும் ஏறிப் போய்க் குருக்களிடம் ஒப்புக்கொண்டேன். "முடிஞ்சவங்க கையாலயே மறுபடி முடிஞ்சிட்டா போதும், போங்க" என்றார். அந்தக் கை அங்கே இருக்கிறது.

நேற்றுக் காலை கோவிந்தம்மாள் வண்டியோடு வந்து, வெறுங்கையோடு நின்ற என்னைப் பார்த்து, "இன்னாங்க ஐயா, ஒரு வாரமா இந்த வூட்ல குப்பையே காணோம். அம்மா ஊர்ல இல்லீங்களா?" என்று கேட்டார். ஒரு வருடமாக நான் ஆசைப்பட்டது அதுதான், குப்பையே விழாத வீடு. வெங்காயத் தோல் இல்லை, காபித்தூள் சக்கை இல்லை, வாடின பூ இல்லை. ஆசைப்பட்டது கிடைத்தும் அழுகைதான் வந்தது. எது குப்பை, எது இல்லை என்று நான் ஒருவனே முடிவு பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளைக் கேட்டிருக்கலாம்.

ஆகவே மலை இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்கிறேன். பானையை உடைத்துவிடுகிறேன், பெட்டிகளை எடுத்துவிடுகிறேன், இனி இந்த வேலையே வேண்டாம். என் தங்கமான பாவா அவளிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பி வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி, தறிக்கு நூல் அறாதிருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஜெகநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் ஷாலினி போன் செய்தாள். விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவள் சிரிக்கிறாள். "நைனா, அது எனக்கு முடிஞ்சது இல்ல. எனக்கு முடிஞ்சது எங்கிட்டயே கீது. நீ எப்பப் பாத்தாலும் குப்பையக் கிளறிகினு கீறியே, அத வுட்டுடணும்னு அம்மா உனக்குத்தான் முடிஞ்சாங்க" என்கிறாள். ஆகவே பாவா, மேலே செய்த சத்தியம் செல்லாது. பிளேடு பட்ட கையைப் பார்த்தவன் நான், பானை அங்கேயேதான் இருக்கும். ஆனாலும் அவளை அனுப்பி வையுங்கள். துணியைத் துவைத்து மஞ்சளில் நனைத்துக் காயவைத்திருக்கிறேன், காசையும் கழுவி வைத்திருக்கிறேன். எனக்கு எதிராகவே மறுபடியும் முடியட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.