கனகசெட்டிக்குளம் கழிவறையும் இருநாட்டு நல்லுறவும்

நாடுகளுக்கிடையே நட்பை வளர்த்தவர்கள் என்று மன்னர்களையும் தூதர்களையும் சொல்கிறார்கள். சுத்தப் பொய். வளர்த்தது நாங்கள். அதாவது, புதுவை பன்னாட்டு இளைஞர் நல்லுறவுப் பேரவை. தலைவர் எழிலரசனுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. இளமை என்பது மனம் சம்பந்தப்பட்டது என்று மீசைக்கு மை பூசிக்கொண்டே அடிக்கடி சொல்வார். செயலாளர் நான், சுப்பிரமணியன். நிஜ இளைஞர்களை நாங்கள் சேர்ப்பதில்லை. அவர்கள் கூட்டத்தில் கேள்வி கேட்கிறார்கள்.

பாரிஸ் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் குழு கடல் கடந்து வந்து நம் ஊரில் 'தன்னார்வத் தொண்டு' செய்ய விரும்புகிறது என்று தகவல் வந்ததும் பேரவை அவசரமாகக் கூடியது. தொண்டு என்றால் என்ன தொண்டு? சுவரில் மயில் வரையச் சொல்லலாம் என்றார் தலைவர். அந்த நேரம் பார்த்து, தலைவர் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் போடும் ஜெயம் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மயிலு கெடக்கட்டும் தம்பி" என்றார் அக்கா, கூடையை இறக்கிக்கொண்டே. "எங்க கனகசெட்டிக்குளத்துக் கரையில பொம்பளைங்களுக்கு ஒதுங்க ஒரு எடம் இல்ல. மீன் ஏலத்துக்குப் போறவ ஒருத்தியும் ராத்திரியிலேருந்தே தண்ணி குடிக்கறதில்ல. ஏலம் முடிஞ்சி, பெரிய மார்க்கெட்டு வந்து, வித்துட்டு வூட்டுக்குப் போற வரைக்கும் நாக்கு வறண்டு கெடக்குறோம். ஆம்பளைங்களுக்கென்ன, கடலப் பாத்து நின்னுக்கிறானுங்க. ஒரு கக்கூஸ் கட்டிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்."

"கக்கூஸ் போட்டோவுல நல்லா இருக்காதேக்கா" என்று தலைவர் கவலைப்பட்டார். பிறகு அவர் கண்கள் விரிந்தன. "இரு, இரு. வெள்ளைக்காரன் வேர்க்க விறுவிறுக்க சிமெண்ட் சட்டி தூக்குறான். பின்னால கடல். ஆகா!" தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வரவேற்பு நாள் வந்தது. தலைவர் ஒரு மாதமாக 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லப் பழகியிருந்தார். மேளம் தயார், மாலை தயார், பன்னீர்ச் செம்பு தயார். வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. கறுப்பாக, களையாக, நம் பிள்ளைகள் எட்டுப் பேர் இறங்கினார்கள். தலைவர் அவர்களை விலக்கிக்கொண்டு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். சீட்டுக்கு அடியிலும் பார்த்தார்.

"எங்க கண்ணு வெள்ளைக்காரங்க?"

"நாங்கதாண்ணே டீமு" என்றாள் முன்னால் நின்ற பெண். "எம் பேரு கவிநிலா. எங்க தாத்தா முத்தியால்பேட்டைதான். பிரான்சு பட்டாளத்துல இருந்தாரு. வணக்கம்ணே."

'வணக்கம்ணே'! ஒரு மாதப் பயிற்சி கடலில் கரைந்தது. தலைவர் மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைத் தனியாக இழுத்தார்.

"யோவ் செயலாளர், இது பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன நம்ம சொல்தா வூட்டுப் பேரப் புள்ளைங்கய்யா! இதுங்கள வெச்சிக்கினு என்னா பண்பாட்டுப் பரிமாற்றம் பண்றது? நம்ம ஆளு செங்கல் தூக்குனா அது கூலி வேல. வெள்ளைக்காரன் தூக்குனாத்தான்யா சேவ!"

இவ்வளவு பெரிய சமூகத் தத்துவத்தை இவ்வளவு சுருக்கமாக நான் அதுவரை கேட்டதில்லை. சிலிர்த்துவிட்டது.

ஆனாலும் பேரவை கடமையிலிருந்து வழுவவில்லை. பண்பாட்டுப் பரிமாற்றம் திட்டப்படியே தொடங்கியது. முதல் நிகழ்ச்சி, கோலம் கண்டு வியத்தல். கவிநிலா வியக்கவில்லை. குனிந்து, தலைவர் மனைவி போட்ட கோலத்தில் விட்டுப்போன புள்ளியைச் சரி செய்தாள். இரண்டாவது, வாழை இலைச் சாப்பாடு. பிள்ளைகள் ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினார்கள்.

"கொஞ்சம் ஆச்சரியப்படும்மா" என்று தலைவர் கெஞ்சினார். "ஒரு ஸ்பூனாவது கேளேன். காரம்னு சொல்லிக் கண்ணு கலங்கேன்."

"காரமே பத்தலண்ணே" என்றான் கூட வந்த இளஞ்செழியன்.

தலைவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

இக்கட்டான நேரத்தில்தான் தலைமைப் பண்பு வெளிப்படும். மறுநாள் நாங்கள் இருவரும் நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போனோம். அங்கே படகுக்கு வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவரைத் தலைவர் தேர்ந்தெடுத்தார். நெட்டையான ஆள், நல்ல தாடி, வெயிலில் வெந்து இறால் நிறத்துக்கு வந்திருந்தார். அவர் எந்த நாடு, என்ன பெயர் என்பது இன்றுவரை தெரியாது. தலைவர் 'போன்ழூர்' என்றார். அவர் சிரித்தார். ஒப்பந்தம் முடிந்தது. இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

கனகசெட்டிக்குளத்தில் அப்போது கழிவறைக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த எட்டுப் பேரும் வெயிலென்றும் பாராமல் கொத்தனாருக்குச் சித்தாளாக நின்றார்கள். கை கொப்பளித்தது, துணி சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார்கள். மீன்காரப் பெண்கள் சோறு பொங்கி எடுத்து வந்தார்கள். நாங்கள் நெட்டையரை இறக்கி, கையில் கரண்டி கொடுத்து, படம் எடுத்தோம். படத்தில் விழாதபடி எட்டுப் பேரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னோம். பெருந்தன்மையான பிள்ளைகள், நின்றார்கள்.

திறப்பு விழாவில் நெட்டையர்தான் ரிப்பன் வெட்டினார். வெட்டியவர், பாவம், அவசரம் போலிருக்கிறது, நேரே உள்ளே போய்விட்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வெளியே வந்து இரு கைகளையும் கூப்பினார். சர்வதேசத் தரம் அன்றே உறுதியாயிற்று.

கிளம்பும்போது கவிநிலா ஜெயம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இனிமே நல்லாத் தண்ணி குடிங்க, சரியா?" என்றாள். ஜெயம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வேன் கிளம்பிப் போனதும் தலைவர் கழிவறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்.

"ஏன் தம்பி?" என்று பதறினார் ஜெயம் அக்கா.

"நம்ம ஜனம் உள்ள பூந்தா என்னாத்துக்கு ஆவும்? அடுத்த வருஷம் வெளிநாட்டுக் குழு வந்து பாக்கறப்போ புதுசா இருக்க வாணாமா? இது வெறும் கக்கூஸ் இல்லக்கா. இருநாட்டு நல்லுறவுச் சின்னம்."

சின்னத்தைப் பேரவை கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்தது. மாதாமாதம் பினாயில் தெளித்து, ஊதுவத்தி ஏற்றி, படம் எடுத்து, மறுபடி பூட்டினோம். ஜெயம் அக்கா மட்டும் மார்க்கெட் போகும்போதெல்லாம் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"சாவி, தம்பி?"

"நிர்வாகக் குழு கூடணும்க்கா."

"எப்போ கூடும்?"

"அத முடிவு பண்ணத்தான் கூடணும்."

சித்திரை வெயிலில் ஒரு நாள் ஏலம் நடக்கும்போதே ராஜாம்பாள் சுருண்டு விழுந்தார். ஜெயம் அக்காவின் நாத்தனார். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தண்ணீரே குடிக்காமல் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, இப்படியே இருந்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சத்தம் போட்டாராம். பேரவை சார்பில் ஆரஞ்சுப் பழம் கொண்டு போய்ப் பார்த்தோம். ராஜாம்பாள் வாங்கிக்கொண்டார். ஜெயம் அக்கா எங்கள் முகத்தையே பார்க்கவில்லை.

மறுநாள் காலை அந்த அராஜகம் நடந்தது. மீனுக்கு ஐஸ் உடைக்கிற கட்டையை எடுத்து, ஜெயம் அக்கா பூட்டை ஒரே போடாகப் போட்டார். ஏலத்துக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று உள்ளே போய் வந்தார்கள். சிரித்தார்களாம். பாட்டுகூடப் பாடினார்களாம். மரியாதை என்பதே இல்லாமல் போய்விட்டது நாட்டில்.

சட்டத்தை மதிக்கிற பேரவை சும்மா இருக்குமா? நான் நேரே போலீஸ் ஸ்டேஷன் போனேன். ஏட்டு முருகையன் ஜெயம் அக்காவையும் வரவழைத்தார். அக்கா பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து, பாட்டிலைத் தூக்கி மடக் மடக் என்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பூட்ட ஒடச்சி உள்ள போயி என்னாய்யா பண்ணாங்க?" என்றார் ஏட்டு.

"கக்கூஸா யூஸ் பண்ணிட்டாங்க சார்!" எனக்குக் குரல் தழுதழுத்தது.

ஏட்டு பேனாவை வைத்தார். ஜெயம் அக்கா பக்கம் திரும்பினார். அக்கா தன் நாத்தனார் விழுந்த கதையைச் சொன்னார். ராஜாம்பாள் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று மெதுவாக விசாரித்தார். பேனாவைத் திரும்ப எடுத்தார்.

"இத்தினி மாசமா அத பூட்டி வெச்சிருந்தது யாருய்யா? மொதல்ல அந்தப் பேரச் சொல்லு."

பேரவையின் சேவையைப் பற்றித் தானாக முன்வந்து விசாரித்த முதல் அரசு ஊழியர் அவர்தான். எனக்கு நெஞ்சு விம்மியது. தலைவர் பெயரை இனிஷியலோடும் பதவியோடும், அதற்குக் கீழே என் பெயரை வீட்டு முகவரியோடும், ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அவர் எழுதிக்கொள்ளும்படி, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.