காட்டுப்பாக்கத்து மூன்று தலைப் பனை

பூந்தமல்லியிலிருந்து பட்டணம் போகும் சாலையில், காட்டுப்பாக்கத்தில் ஒரு பனைமரம் இருந்தது. அதற்கு மூன்று தலை. பார்க்கக் காசு கிடையாது, அண்ணாந்தால் போதும். இதில் சர்க்காருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

பஸ் ஓட்டுகிற உஸ்மான் கனி அங்கே வண்டியை ஐந்து நிமிஷம் நிறுத்துவார். ஜனங்கள் இறங்கி அண்ணாந்து பார்ப்பார்கள். வெயிலில் அண்ணாந்தால் தாகம் எடுக்கும். மரத்தடியில் வேம்புலியம்மாள் மோர்ப்பானையோடு உட்கார்ந்திருப்பாள். புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். பஸ் நின்றால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒருநாள் காரில் போன துரை ஒருவர் மரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அங்கே பிடித்தது சனி. "மேற்படி அபூர்வ மரத்தைப் பாதுகாக்கவும்" என்று ஒரு வரி எழுதிவிட்டார்.

அந்த வரி நாலு ஆபீஸ் இறங்கி ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நாகேந்திரனிடம் வந்தது. பாதுகாக்கிற வஸ்து முதலில் புஸ்தகத்தில் இருக்க வேண்டுமல்லவா? கர்ணம் கோதண்டம் மரப் புஸ்தகத்தைப் பிரித்தார்.

"நூற்றுப் பதினேழாம் நம்பர். பனை, ஒன்று."

இன்ஸ்பெக்டர் மேலே பார்த்தார். "தலை மூன்று இருக்கிறதே?"

"மரம் ஒண்ணுதான் எசமான்," என்றாள் வேம்புலியம்மாள்.

"பனைக்குத் தலை ஒன்று. தலை மூன்று என்றால் மரம் மூன்று. புஸ்தகத்தில் இருப்பது ஒன்று. மீதி இரண்டும் அனுமதியில்லாமல் நிற்கின்றன."

"எங்க நிக்குது?"

"சர்க்கார் மரத்தின் மேல்! ஆக்கிரமிப்பு!"

"எனுக்குக்கூட ரெண்டு கை கீது. அப்போ நான் ரெண்டு பொம்பளையா?"

"உனக்குத் தலை ஒன்றுதானே? சட்டத்துக்கு இணங்கப் பிறந்திருக்கிறாய். சும்மா இரு."

மரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'மேற்படி இரு மரங்களும் பதினைந்து தினங்களுக்குள் தாமாகவே காலி செய்ய வேண்டியது. ஆட்சேபணை இருப்பின் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டியது.' தலையாரி தமுக்கடித்து மரத்தைப் பார்த்தே வாசித்தான். பதினைந்து நாளும் மரங்கள் வாய் திறக்கவில்லை. ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டு, இரண்டு தலையை வெட்டிச் சாய்த்தார்கள்.

பிறகு பாதுகாப்பு ஆரம்பமாயிற்று. இடுப்பளவு சுவர் எழும்பியது. போர்டு முன்பே எழுதி வந்துவிட்டதால் அதையும் நட்டார்கள்:

'அபூர்வமான மூன்று தலைப் பனை. பார்வையிடக் கட்டணம் இல்லை. தலைகளுக்குச் சேதம் விளைவிப்போர் தண்டிக்கப்படுவர்.'

"இனிமே பஸ்ஸு எதுக்கு நிக்கும்? என் பொயப்பு போச்சு," என்று வேம்புலியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அவள் பானையிலேயே ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் பஸ் வந்தது. பழக்க தோஷத்தில் உஸ்மான் கனி பிரேக் போட்டார்.

"இன்னாக்கா, ஒண்ணுதான் கீது?"

அவள் போர்டைக் காட்டினாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். மரத்தைப் பார்த்தார். திரும்பவும் போர்டைப் பார்த்தார். ஸ்டீரிங்கைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஹாரன் தானாக அடித்தது. என்னமோ ஏதோ என்று பஸ்ஸிலிருந்த ஜனமெல்லாம் இறங்கியது. அன்றைக்குப் பத்து மணிக்கே பானை காலி.

ஆவடியிலிருந்தும் முத்தாபுதுப்பேட்டையிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வேம்புலியம்மாள் இரண்டாவது பானை வைத்தாள். விளக்கம் வேறு சொல்வாள்: "மூணு தல பனை எங்கனா இன்னொண்ணு கீதோ இன்னாவோ. ஒத்தத் தலைக்கு மூணுன்னு போர்டு போட்ட சர்க்காரு வேற எங்க கீது? நல்லா பாத்துக்கோ, துட்டு கெடையாது!"

இவ்வளவு நேரம் சிரித்தோமே, எங்கள் திருமழிசைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டணத்து பஸ் எங்கள் ஊரில் புழுதியை மட்டும் இறக்கிவிட்டுப் போகும். அதனால் ஊர் கூடி ஒரு மனு போட்டார்கள்: 'எங்கள் கிராமத்திலும் ஒற்றைத் தலைப் பனைகள் ஏராளமாக இருப்பதால், எசமான் சமூகம் கருணை கூர்ந்து இவ்விடமும் பாதுகாப்புச் செய்து ஒரு போர்டு தயவு செய்ய வேண்டியது.' இருபத்திரண்டு பேர் கைநாட்டு.

இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வருகிறார். போர்டில் எங்கள் பனைக்கு நாலு தலை போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மனுவை எழுதியவன் நான்தான். எட்டாவது வரை வேறு எதற்குப் படித்தேன்?