பதினோராவது பை

சீட்டு மாஸ்டர் தன் வாழ்நாளில் மூன்று சபதங்கள் செய்திருக்கிறார். முதலாவது, பொடி போடுவதை விடுவது. அது ஒரு காலையிலிருந்து அதே நாள் மத்தியானம் வரை உறுதியாக நின்றது. இரண்டாவது, முன்னறையில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளை ஓட வைப்பது. அந்தச் சபதத்துக்கு ஆறு வயதாகிறது. வண்டி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது சபதம்தான் மனுஷனைக் குப்புறத் தள்ளியது. அதைச் சிரிக்காமல் கேட்க வேண்டும். ஒரு குடும்பத்தில் நடந்த சோகம் அது.

மாஸ்டரின் தொழில் மோட்டார் சைக்கிள்களுக்குச் சீட்டு தைப்பது. ஊரில் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பது அவர் கைவேலையின் மேல்தான். ஆனால் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து, முன்னறை வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். பக்கத்தைத் திருப்பும்போது உடம்பையும் ஒரு பக்கம் சாய்ப்பார், மலைப்பாதையில் வளைவு எடுப்பவர் மாதிரி. கீழே ஒரு வாளி. அதில் எஞ்சின் பாதி. மீதி ஒரு போர்வையின் மேல்.

அவர் மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எட்டு மணி நேரம் நின்றபடி டாக்டருக்குக் கத்தி எடுத்துக் கொடுத்து வாங்குகிற உத்தியோகம். வயிற்றை மூடித் தைப்பதற்கு முன்னால், உள்ளே போன சாமானெல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல்ல வேண்டியவள் அவள்தான். எண்ணிக்கை சரி என்று அவள் சொல்லாமல் பெரிய டாக்டர்கூட ஊசியில் நூல் கோர்க்க மாட்டார். வீட்டிலும் அந்தப் பழக்கம் உண்டு. கரண்டிகளை எண்ணாமல் இழுப்பறையை மூட மாட்டாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏங்க, அந்த ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி போட்டா, வந்ததும் காலை நீட்டிக் கொஞ்சம் கிடப்பேன்."

"போட்டுடலாம். வண்டி ஓட ஆரம்பிக்கட்டும்."

"வண்டிக்குக் கால் முளைக்கிறதுக்குள்ள எனக்குக் கால் போயிடும்."

வீட்டில் காற்று வருகிற ஜன்னல் அது ஒன்றுதான். அதன் முன்னால்தான் வண்டி. ஆறு வருஷமாக அந்தக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தது வண்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாடிக்காரர் வந்தார். நாற்பது பேர் சேர்ந்து தூர தேசமெல்லாம் மோட்டார் சைக்கிளில் போய்வருகிற ஒரு கூட்டத்துக்கு அவர் தலைவர். கையில் பத்து சாமான். ஆறு ஸ்பானர், இரண்டு திருப்புளி, ஒரு குறடு, ஒரு பிளக் கழற்றி.

"மாஸ்டர், இதையெல்லாம் வைக்கத் தோல்ல ஒரு டூல் ரோல் வேணும். உள்ளே வரிசையா பை. பாய் மாதிரி சுருட்டி வார் போட்டுக் கட்டினா வண்டியில மாட்டிக்கணும். போன பயணத்துல செயின் கழண்டு போச்சு. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் எந்த மூட்டையில இருக்குன்னு தேடி எடுக்கறதுக்குள்ள, பெய்ய ஆரம்பிச்ச மழை பெய்து முடிஞ்சுடுச்சு. முதல்ல ஒரு மாதிரி செஞ்சு காட்டுங்க. பிடிச்சுதுன்னா நாற்பது."

டீ கொண்டுவந்த மனைவி அந்தப் பத்து சாமானையும் ஒரு பார்வை பார்த்தாள். "எங்க தியேட்டர்ல இப்படித்தான்..."

"நிறுத்து!" என்றார் மாஸ்டர். மூன்றாவது சபதம் புறப்பட்டுவிட்டது. "உன் தியேட்டர் வேற, என் தோல் வேற. இருபத்தி மூணு வருஷமா இந்த வீட்ல எது செஞ்சாலும் அது உன் யோசனைன்னு ஆயிடுது. இது முழுக்க என் மூளை. இந்தச் சுருள்பையைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"பேசினா?"

"வண்டி ஆயுசுக்கும் இங்கேதான் நிக்கும். நாற்காலிப் பேச்சே கிடையாது."

"பேசாம இருந்தா?"

"இதுல உன் யோசனை ஒரு துளி கலந்திருக்குன்னு நீ நிரூபிச்சுட்டா, வண்டியை நானே என் கையால வாசலுக்குத் தள்ளிடறேன். தம்பிதான் சாட்சி."

தாடிக்காரர் வண்டியை ஆசையாகப் பார்த்துக்கொண்டே, "தள்ளினா எனக்குத் தள்ளுங்க மாஸ்டர், ஒரு மாசத்துல ஓட விடறேன்" என்றார்.

மாஸ்டர் சிரித்தார். யோசனை என்பது வாய் வழியாகத்தான் வரும் என்று அவர் மனதார நம்பினார்.

முதல் மாதிரி இரண்டு நாளில் தயார். சீட்டு தைத்த கை சும்மா இருக்குமா? உள்ளே மூன்று விரல்கடை ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்திருந்தார். சுருட்டினால் சுருளவில்லை. முழங்காலால் அழுத்திச் சுருட்டினார். அது மெதுவாக, கௌரவமாக, தானே பிரிந்து படுத்துக்கொண்டது. தலைக்கு வைத்துத் தூங்கலாம்; வண்டியில் மாட்ட முடியாது.

மனைவி வந்து பார்த்தாள்.

"ஏன் அப்படிப் பார்க்கிறே?"

"கண்ணு இருக்கு, பார்க்கிறேன். பார்க்கக்கூடாதுன்னு பந்தயத்துல இல்லையே."

"மனசுக்குள்ள ஏதோ சொல்றே."

"சாப்பிட வாங்கன்னு சொல்றேன்."

இரண்டாவது மாதிரியில் ஸ்பாஞ்ச் இல்லை. பத்துப் பையும் ஒரே அளவு. சின்ன ஸ்பானர் கிணற்றில் விழுந்த மாதிரி உள்ளே போய்விட்டது. குறடு வாசலிலேயே நின்றுவிட்டது. வாரை அளந்ததும் வெறும் பையைச் சுருட்டி வைத்துத்தான். சாமானைப் போட்டுச் சுருட்டியதும் சுருள் பெருத்துவிட்டது. கல்யாணத்தன்று போட்ட சட்டைக்கு இப்போது பொத்தான் மாட்டப் பார்ப்பவர் போல, மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாரை இழுத்தார். வாருக்கும் வளையத்துக்கும் நடுவே நான்கு விரல் தூரம். அந்த நான்கு விரல் தூரத்தை அன்று முழுக்க அவரால் கடக்க முடியவில்லை. போதாததற்குப் பையின் வாயெல்லாம் கீழே பார்த்திருந்தது. தூக்கிப் பிடித்ததும் பத்து சாமானும் அவர் கால்மேல் இறங்கின.

சத்தம் கேட்டு மனைவி உள்ளேயிருந்து வந்தாள். கீழே குனிந்து, ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் போர்வையில் வைத்தாள். பத்து. பெருவிரலுக்கு ஈரத் துணி சுற்றினாள்.

"ஏதாவது சொல்லேன்!"

"விரலைப் பத்தியா, இல்ல..."

"விரலைப் பத்தி!"

"வீங்கும்."

ஐந்தாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "மேஜை மேல பச்சைத் துணி மூட்டை ஒண்ணு வச்சிருக்கேன். தொடாதீங்க. முக்கியமா, பிரிச்சுப் பார்த்துடாதீங்க."

"எனக்கு எதுக்கு உன் மூட்டை?" என்றார் மாஸ்டர் கம்பீரமாக.

அவள் தெருமுனை திரும்பும்வரை அந்தக் கம்பீரம் தாங்கியது.

ஆபரேஷன் தியேட்டர் பச்சை. இரண்டு நாடாவால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. முடிச்சு எப்படி இருந்தது என்று முதலில் மனப்பாடம் செய்துகொண்டார். திருடுவதில் அவருக்கு ஒழுங்கு உண்டு. பிரித்தார். உள்ளே வெளிறிய துணி. ஒரு சாமான் குறைந்தாலும் காலிப் பை எட்ட இருந்தே தெரியும். மாடிப்படி மாதிரி சின்னதிலிருந்து பெரிது வரை வரிசையாகப் பைகள். எல்லாவற்றுக்கும் வாய் மேலே. வாயை மூட மேலிருந்து மடங்கி விழும் ஒரு மடிப்பு. சாமான் போட்டுப் பெருத்தாலும் எட்டுகிற நாடா.

"கத்தி, கத்தரி வைக்கிற சுருள்!" மாஸ்டருக்கு உடம்பு சிலிர்த்தது.

எட்டாம் நம்பர் ஸ்பானரை எடுத்து முதல் பையில் விட்டுப் பார்த்தார். கச்சிதம். பத்தாம் நம்பர், இரண்டாவதில். கச்சிதம். பிளக் கழற்றி கடைசியில் போய் உட்கார்ந்து பெருமூச்சு விட்டது. வேறொருவராயிருந்தால் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார். மாஸ்டர் வியந்தார். 'மனுஷ உடம்புலயும் எட்டு, பத்து, பன்னிரண்டுன்னுதான் நட்டு முடுக்கியிருக்கான் போல' என்று கடவுளின் தொழில் நேர்த்தியை மெச்சிக்கொண்டார்.

மூலையில், மற்றவை எல்லாம் நெடுக்காய் இருக்க, இது மட்டும் குறுக்காய், பதினோராவதாக ஒரு குட்டிப் பை. அடி குறுகல், வாய் அகலம், மேலே ஒரு பொத்தான். அதில் நுழைய அவரிடம் சாமான் எதுவும் இல்லை. விட்டுவிடலாமா என்று யோசித்தார். ஆனால் தோல் துணி மாதிரி இல்லை; ஒரு முறை குத்தின துளை ஆயுசுக்கும் துளைதான், விட்டுப்போனதைப் பிறகு பிரித்துச் சேர்க்க முடியாது. படித்தவர்கள் காரணமில்லாமல் பை வைக்க மாட்டார்கள். அளவெடுத்தார். பதினொன்றையும்.

மூட்டையைப் பழையபடி கட்டி, பழைய முடிச்சைப் போட்டு, பழைய கோணத்தில் வைத்தார். கடைக்கு ஓடினார். மூன்று நாள் சோறு தண்ணீர் மறந்து தைத்தார். ஒவ்வொரு பையின் வாயோரத்திலும் கிழியாமல் இருக்க ஒரு செப்பாணி வைத்து அடித்தார். டொக், டொக் என்று பதினோரு ஆணி.

அடுத்த ஞாயிறு தாடிக்காரர் வந்தார். சுருளைப் பிரித்தார். சாமானைப் போட்டார். சுருட்டினார். முன்னறை வண்டியிலேயே கட்டி, பேய் பிடித்தவர் மாதிரி வண்டியை உலுக்கினார். ஒரு சத்தம் வரவில்லை. மறுபடி பிரித்து, பன்னிரண்டாம் நம்பரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

"மாஸ்டர்..." தாடிக்காரர் குரல் தழுதழுத்தது. "இது மூளை. ஆமா, இந்தக் குறுக்குப் பை எதுக்கு?"

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். மனைவி கதவோரம் டீயுடன் நின்றிருந்தாள்.

"தம்பி," என்றார், ஆழ்ந்த குரலில். "தூரம் போறவன் இருக்கிறதுக்கெல்லாம் இடம் வச்சிருப்பான். இல்லாததுக்கு? வழியில என்ன கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் ஒரு பை காலியா விட்டேன். ஏழு ராத்திரி தூங்காம யோசிச்சு வச்ச பை அது."

தாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கண் துடைத்த மாதிரிகூட இருந்தது.

மனைவி டீயைக் கீழே வைத்தாள். ஜன்னலோர ஆணியில் ஆறு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த வண்டிச் சாவியை எடுத்தாள். பழைய காலத்துச் சாவி. தண்டு ஒல்லி, தலை அரசிலை அகலம். குறுக்குப் பையின் பொத்தானைக் கழற்றினாள். சாவி உள்ளே போனது, வார்த்து ஊற்றின மாதிரி. பொத்தானைப் போட்டாள். ஒரு விரலால் சுருள்பை நெடுக எண்ணிக்கொண்டு வந்தாள்.

"ஒன்பது, பத்து, பதினொண்ணு. எண்ணிக்கை சரி. இனி மூடலாம்."

பிறகு உள்ளே போய்ப் பச்சைச் சுருளைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தாள். இரட்டைப் பிள்ளைகள்.

"அது... அது ஆஸ்பத்திரி சாமானாச்சே!" என்று கத்திவிட்டார் மாஸ்டர்.

"ஆஸ்பத்திரின்னு நான் சொன்னேனா? தொடாதீங்கன்னு சொன்னேன். என் பழைய தியேட்டர் கவுனை வெட்டி, நீங்க கடையில இருந்தப்போ அளந்து தச்சது. ஏங்க, எந்த ஊர் ஆஸ்பத்திரியிலங்க பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் கேட்கிறாங்க?"

"நீ ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு சொன்னேனே!"

"பேசினேனா? தம்பி, நீங்கதானே சாட்சி. சொல்லுங்க, பேசினேனா?"

"சிஸ்டர் பேசவே இல்லை," என்றார் தாடிக்காரர். ஒரு கை ஏற்கெனவே வண்டியின் மேல் இருந்தது. "ஆனா மாஸ்டர், சாவிக்குத் தனிப் பை! எங்க ஆளுங்க மாத்துச் சாவியைத் தொலைக்காத பயணமே கிடையாது. நாற்பதுலயும் இது வேணும். இந்தப் பதினோராவது பை இல்லாத சுருள் ஒண்ணுகூட எனக்கு வேண்டாம்."

வண்டியை மாஸ்டர் தன் கையாலேயே வாசலுக்குத் தள்ளினார். வாளியைத் தாடிக்காரர் தூக்கிக்கொண்டார். போர்வையை மட்டும் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது அந்த ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி இருக்கிறது. மூன்று விரல்கடை ஸ்பாஞ்ச் வைத்து அதற்குச் சீட்டு தைத்துக் கொடுத்தவர் மாஸ்டர்தான். முதல் மாதிரி வீணாகவில்லை. வண்டி நின்ற இடத்தில், தரையில் உட்கார்ந்து, நாற்பது சுருள்பைகளை அவர் தைத்துக்கொண்டிருக்கிறார். காற்று அவள் பக்கம் வீசுகிறது. காலை நீட்டி, கண்ணை மூடிக் கிடக்கிறாள். தூங்குகிறாள் என்றே தோன்றும். நேற்று ஒரு சுருளில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர், கடைசிப் பைக்கு வந்ததும் மூலையில் அந்தக் குறுக்குப் பையைப் பார்த்தார். மனசு கசந்தது. ஒன்றே ஒன்றில் அதன் ஆணியை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சத்தமில்லாமல் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"பத்து ஆணிதான் கேட்டுது," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.