முதல் நாள் சண்டை, மூன்றாம் நாள் சிநேகம்

பிள்ளைகள் சண்டை போட்டால் கண்டிக்காத தாய் பூமியில் கிடையாது. சண்டை போடவில்லையே என்று கண்டித்த தாய் ஒரே ஒருத்திதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் துடியலூரில் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தபோது, பள்ளிக்கு எதிர்வீட்டில் அவர் குடியிருந்தார். பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்கு அவர் பட்டாளத்தம்மா.

புருஷன் ஹவில்தார். அவரை எல்லைப்புறத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே குடும்பத்துக்கு இடமில்லை. அம்மாள் பிறந்தது அவிநாசிப் பக்கம். ஆகவே நாலு பிள்ளைகள், இரண்டு தகரப் பெட்டிகள், ஒரு பவானி ஜமக்காளம் சகிதம் பூனாவிலிருந்து இங்கே வந்து இறங்கினார்.

பிள்ளைகளைச் சேர்க்க வந்த அன்று, "நல்லாப் படிப்பாங்களா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"படிப்பு எந்த ஊர்லயும் அதேதானுங்க. சிநேகந்தானுங்க ஊருக்கு ஊரு புதுசாத் தேடோணும். இன்னைக்கு ஆளுக்கொரு சண்டை போட்டுருவாங்க. நீங்க குறுக்க வந்துராதீங்க."

"சண்டையா?"

"ஆமாங்க. மெதுவாப் பழகறதுக்கு எங்களுக்கு ஏதுங்க நாளு? மொத நாள் சண்டை போட்டா, ரெண்டாம் நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. மூணாம் நாள் தோள்ல கை போட்டுக்குவாங்க. சும்மா இருந்தா மூணு மாசம் ஆகுமுங்க. அதுக்குள்ள ஆர்டர் வந்துரும்."

மணி அடித்ததும் மூன்று பையன்களும் கடமையைத் தொடங்கினார்கள். அவர்கள் இந்துஸ்தானியில் வைதார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள், "ஏனுங்க, கொஞ்சம் கைய உடுங்க, நான் உங்களை அடிக்கோணும்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அடித்தார்கள். மூன்றாம் நாள் அடித்தவர்களும் அடிபட்டவர்களுமாக ஆறு பேரும் ஒரே நிலக்கடலைக் காட்டில் திருடிப் பிடிபட்டார்கள். பட்டாளத்தம்மாவுக்குப் பரம திருப்தி.

சாயந்தரம் வாசலில் அணிவகுப்பு நடக்கும். "சண்டை?" "ஆச்சு." "சமாதானம்?" "ஆச்சு." கடைசியாக நிற்கும் ஏழு வயது மரகதத்திடம் மட்டும் கேள்வி நின்றுவிடும். அவள் யாரோடும் சண்டை போடவில்லை. சிலேட்டைப் பிடுங்கினால் குச்சியையும் சேர்த்துக் கொடுத்துவிடுவாள்.

ஒரு மாதம் போயிற்று. பட்டாளத்தம்மா என்னைத் தேடி வந்தார். அதிசயமாகக் குரல் தாழ்ந்திருந்தது.

"பூனாவுல இவளுக்கு ஒரு சிநேகிதி இருந்தாளுங்க. பிரிஞ்சு வந்தப்ப எட்டு நாள் சரியாச் சோறு திங்கல. அப்புறம் யாரையும் கிட்டச் சேர்க்கறதில்லைங்க. இப்படியே தனியா இருந்து பழகிப்போட்டா அப்புறம் மாத்த முடியாதுங்க. நீங்களாவது ஒரு சண்டை இழுத்து உடுங்க."

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். சண்டையில் தோற்பதில் அனுபவம் உண்டு, ஆரம்பித்துப் பழக்கமில்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். மரகதத்தின் சரியான கணக்குக்கு முட்டை போட்டேன். "சரிங்க சார்" என்றாள். ஒரு வாரம் அவளைச் 'சரோஜா' என்று கூப்பிட்டேன். அதற்கும் எழுந்து நின்றாள். அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். தள்ளி உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் கோபம் எனக்குத்தான் வந்தது.

அதற்குள் ஆர்டர் வந்துவிட்டது. ஹவில்தாருக்கு மாற்றல், இந்த முறை குடும்பமும் கூடப் போகலாம். ஜபல்பூர். பெட்டிகளை அவிழ்த்திருந்தால்தானே கட்டுவதற்கு? மறுநாள் காலையிலேயே வாசலில் மாட்டு வண்டி. வழியனுப்பப் போன நான், வாத்தியார் புத்தி சும்மா இருக்காமல், "ஜபல்பூர் ரொம்ப நல்ல ஊரு கண்ணு. எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றேன்.

மரகதம் வண்டியிலிருந்து குதித்தாள். என் குடையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

"நீங்க பொய்யி சார். அது நல்ல ஊரில்ல. நான் போட்ட கணக்கு சரி, நீங்க போட்ட முட்டைதான் தப்பு. என் பேரு மரகதம், சரோஜா இல்ல. அது என் எடம், உங்க எடமில்ல. நான் இந்த ஊர்லதான் இருக்கோணும்."

இத்தனை நாள் பாக்கி ஒன்றுவிடாமல் வந்தது. வண்டிக்காரர் மாட்டைத் தட்டப் போனார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் பட்டாளத்தம்மா. "அவ முடிக்கட்டும்."

முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வண்டி போயிற்று. நான் சாக்கடையில் இறங்கிக் குடையை எடுத்தேன். இரண்டு கம்பி ஒடிந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து, வழியில் ஏதோ ஸ்டேஷனில் போட்ட கார்டு ஒன்று வந்தது. கோணல் எழுத்து. "சார், இன்னைக்கு மூணாம் நாள். நாம சிநேகம். குடைய எடுத்துக்கிட்டீங்களா?" கீழே மூத்தவன் கையெழுத்தில் ஒரு வரி: "இதை எழுதி முடித்ததும் மரகதம் பக்கத்து சீட்டுப் பெண்ணோடு சண்டை போட்டாள். அம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்னார்கள்."

மரகதத்தின் சிநேகம் கிடைத்ததில் எனக்கு ஒரு குடையோடு போயிற்று. பட்டாளத்தம்மாவோடுதான் நான் ஒரு நாள்கூடச் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.